நட்டவரும் நீர் பாய்ச்சினவரும்: நீலகிரியின் சால்வியா மலர் சொல்லும் வரலாறு

மே மாதம் பிறந்துவிட்டால் உதகமண்டலத்துச் சாலைகளில் நடப்பதற்கும் இடம் இருப்பதில்லை. சமவெளியின் வெம்மைக்கு அஞ்சி மலையேறி வரும் மக்கள், அரசு தாவரவியல் பூங்காவின் மலர்மாடங்களுக்கு முன் நின்று வியக்கின்றனர். அடுக்கடுக்காக வைக்கப்பட்ட தொட்டிகளிலே தீச்சுடர் நிமிர்ந்தாற்போல் சிவந்து நிற்கும் ஒரு மலர், எவருடைய கண்ணுக்கும் தப்புவதில்லை. அதுவே சால்வியா. ரோசாவுக்கும் டேலியாவுக்கும் கிடைக்கின்ற புகழ் இதற்குக் கிடைத்ததில்லை. மலர்ப்பாத்திகளை நிரப்புவதற்கும், பாதையோரங்களுக்குக் கரை கட்டுவதற்கும் உரிய எளிய செடியாகவே இது கருதப்படுகின்றது. தமிழில் இதற்கெனத் தனிப்பெயர் வேரூன்றவும் இல்லை.

ஆயினும், இந்த எளிய செடி நம் மலைக்கு எவ்வாறு வந்தது, யாரால் இங்கு வாழ்கின்றது என்னும் இரண்டு வினாக்களை எழுப்பிப் பார்த்தால், நீலகிரியின் இருநூறு ஆண்டு வரலாற்றில் மறக்கப்பட்ட ஒரு பக்கம் நமக்குத் திறக்கின்றது. கொரிந்து நகரத் திருச்சபைக்கு எழுதிய முதல் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில், நடுகின்றவரையும் நீர் பாய்ச்சுகின்றவரையும் விளையச் செய்கின்ற இறைவனையும் தூய பவுல் அடுத்தடுத்து நிறுத்துகின்றார். வரலாற்று நூல்கள் நட்டவரின் பெயரைப் பொறித்து வைக்கின்றன. ஆலயங்கள் விளையச் செய்தவரைப் போற்றுகின்றன. நடுவில் நிற்கும் நீர் பாய்ச்சினவர் யார்? அவரைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நலம் தரும் பெயர்

சால்வியா என்பது இலத்தீன் சொல். நலமாயிருத்தல், காப்பாற்றுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. மீட்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும், அன்னை மரியாவை வாழ்த்தும் 'சால்வே ரெஜினா' என்னும் பாடலின் முதற்சொல்லும் இவ்வேரின் கிளைகளே. ஐரோப்பாவின் பழைய சால்வியா அழகுக்காக வளர்க்கப்பட்டதன்று. இலைக்காகவும் அதன் மருத்துவக் குணத்துக்காகவும் வளர்க்கப்பட்டது. ஏறத்தாழ 820-ஆம் ஆண்டளவில் வரையப்பட்டு, சுவிட்சர்லாந்தின் செயின்ட் கால் நூலகத்தில் இன்றும் காக்கப்பட்டு வரும் துறவற மட வரைபடத்தில், மருத்துவர் இல்லத்தை ஒட்டிய மூலிகைத் தோட்டத்திலே சால்வியாவுக்கெனத் தனிப்பாத்தி குறிக்கப்பட்டுள்ளது. அதே நூற்றாண்டில் ரைகனாவ் மடத்தின் தலைவராக விளங்கிய வாலாஃப்ரிட் ஸ்ட்ராபோ, தம் தோட்டத்துச் செடிகளைப் பற்றி ஒரு கவிதை நூல் இயற்றினார். அந்நூலில் தனித்தனியே பாடப்பெறும் செடிகளுள் முதலிடம் பெற்றது சால்வியாவே. மடத்தின் தலைவர் ஒருவர் மண்ணைக் கிளறி, எருவிட்டு, நீர் சுமந்த உழைப்பின் மணம் அந்நூலில் வீசுகின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

இச்செடி நமக்கு முற்றிலும் அன்னியமானதும் அன்று. சால்வியாவின் தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டைகள் தெரியும். இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். பூ இரண்டு உதடுகளாகப் பிளந்திருக்கும். இவ்வடையாளங்கள் அனைத்தும் நம் துளசிக்கும் தும்பைக்கும் உண்டு. மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நீலகிரியில் இன்று பயிரிடப்படும் ரோஸ்மேரியையும் சால்வியா இனத்திலேயே சேர்க்க வேண்டும் எனத் தாவரவியலார் 2017-ஆம் ஆண்டில் முன்மொழிந்தனர். ஆகவே, கடல் கடந்து வந்த இம்மலரை உறவு விட்டுப்போன சகோதரி என்று அழைத்தாலும் பொருந்தும்.

கடல் கடந்து வந்த வழி

நம் பூங்காக்களில் சிவந்து நிற்கும் சால்வியாவின் தாயகம் பிரேசில் நாடு. பிரெடெரிக் செல்லோ என்னும் ஜெர்மானியத் தாவரவியலார் அங்குத் திரட்டிய செடிகளைக் கொண்டு 1822-ஆம் ஆண்டில் அதன் அறிவியல் விளக்கம் வெளியாயிற்று. ஒளிர்வது என்னும் பொருளில் அதற்குப் பெயரும் சூட்டப்பட்டது. செல்லோ தம் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. 1831-ஆம் ஆண்டில் பிரேசிலின் டோசே ஆற்றில் மூழ்கி இறந்தார்.

வீட்டு வேலிகளில் வளைந்து தொங்கும் மற்றொரு சால்வியாவும் நம் மலையில் உண்டு. வெல்வெட்டுத் துணி போன்ற ஊதாநிறப் புல்லிவட்டமும் அதனுள்ளிருந்து எட்டிப் பார்க்கும் வெள்ளைப் பூவும் உடையது. இதன் தாயகம் மெக்சிகோ. இதனை 1791-ஆம் ஆண்டில் அறிவியல் உலகுக்கு விவரித்துப் பெயரிட்டவர் அந்தோனியோ ஹோசே கவனில்லஸ் என்னும் கத்தோலிக்கக் குரு என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். 1745-இல் ஸ்பெயினின் வலென்சியா நகரில் பிறந்து, 1772-இல் குருப்பட்டம் பெற்ற இவர், பின்னர் மாட்ரிட் அரச தாவரவியல் பூங்காவின் இயக்குநராகப் பணியாற்றி 1804-இல் மறைந்தார். மெக்சிகோவிலிருந்து கடல்வழி வந்த விதைகள் மாட்ரிட்டில் முளைத்து மலர்ந்தபோது, அவற்றை ஆராய்ந்து எழுதியது இவருடைய கை. அதே 1791-ஆம் ஆண்டில் இவர் பெயர் சூட்டிய வேறு இரு மலரினங்கள் டேலியாவும் காஸ்மாசும் ஆகும். உதகை, குன்னூர் வீடுகளில் இம்மூன்றும் அருகருகே பூத்து நிற்பதைக் காணாதவர் இலர். காஸ்மாஸ் என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஒழுங்கு, அழகு, உலகம் எனப் பல பொருள் உண்டு. படைப்பின் ஒழுங்கையும் அழகையும் ஒரே சொல்லால் குறிக்கும் பெயரை ஒரு காட்டு மலருக்குக் குரு ஒருவர் தேர்ந்தெடுத்தது பொருத்தமே அன்றோ?

காய்கறித் தோட்டம் மலர்ந்த கதை

இம்மலர்கள் வருவதற்கு முன் நம் மலை வெறுமையாக இருந்ததெனக் கருதிவிடலாகாது. 1603-ஆம் ஆண்டில் இயேசு சபை அருட்பணியாளர் பெனிசியோ மலபார் கரையிலிருந்து இங்கு ஏறிவந்தார். மலைகளுக்கு அப்பால் வாழ்வதாகச் சொல்லப்பட்ட பழைய கிறிஸ்தவர்களைத் தேடி வந்த அவர் அவர்களைக் காணவில்லை. எருமை மேய்க்கும் தோடரையும், உழவு செய்யும் படகரையும் கண்டு, தாம் கண்டதை மடலாக எழுதினார். புல்வெளியும் சோலையுமாகப் பரந்திருந்த அந்த நிலம் தோடரின் மேய்ச்சல் நிலமாகவும் வழிபாட்டு நிலமாகவும் இருந்தது. இன்றும் தாவரவியல் பூங்காவின் மேற்பகுதியை ஒட்டித் தோடர் குடியிருப்பு ஒன்று உள்ளது. பூங்காவின் பழைமையைப் பற்றிப் பேசுவோர், அதனினும் பழைமையான உரிமையாளர்களை மறத்தல் ஆகாது.

1819-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார். பின்னர் உதகையில் வீடு கட்டிக் குடியேறி, ஐரோப்பியக் காய்கறிகளையும் பழமரங்களையும் இங்குப் பயிராக்க முனைந்தார். 1840-களில் இங்கு வாழ்ந்த ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி, தங்களுக்கு வேண்டிய காய்கறிகளை விளைவிக்க ஒரு தோட்டத்தை ஏற்படுத்தினர். முட்டைக்கோசுக்காக உண்டான அந்த முயற்சியே தாவரவியல் பூங்காவின் முதல் விதை. இலண்டன் கியூ பூங்காவில் பணியாற்றிய வில்லியம் கிரஹாம் மெக்கைவர் 1848-இல் இங்கு வந்து பொறுப்பேற்றார். சரிவும் சதுப்புமாக இருந்த நிலத்தைப் படிப்படியாகத் திருத்தி, இன்று ஏறத்தாழ 22 எக்டேர் பரப்பில் நாம் காணும் பூங்காவுக்கு வடிவம் கொடுத்தார். தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிங்கோனா மரத்தை 1860-களில் இம்மலையில் வளர்த்தெடுத்தவரும் அவரே. இயேசு சபையினரின் பட்டை என்று ஒரு காலத்தில் அழைக்கப்பட்ட அம்மரப்பட்டையிலிருந்தே மலேரியாக் காய்ச்சலைத் தணிக்கும் கொயினா மருந்து கிடைத்தது. 1876-இல் மறைந்த மெக்கைவர் உதகை புனித ஸ்தேவான் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றார்.

காய்கறித் தோட்டம் மலர்த்தோட்டமாக மாறியது வீண் ஆடம்பரம் என்று கருதுவோரும் உண்டு. வயிற்றுக்கு உதவாத செடிக்கு எரு எதற்கு, நீர் எதற்கு என்னும் வினா ஏழை நாட்டில் எழுவது இயல்பே. இதற்கு அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் வாழ்விலிருந்து ஒரு விடை கிடைக்கின்றது. ஏழ்மையைத் தம் மணமகளாக ஏற்றுக்கொண்ட அவர், மடத்துத் தோட்டம் முழுவதிலும் உணவுக்குரிய கீரைகளையே பயிரிட்டுவிடாமல், ஒரு பகுதியை மலர்களுக்கென விட்டுவைக்குமாறு தோட்டச் சகோதரரைக் கேட்டுக்கொண்டார். அவற்றைக் காண்போர் படைத்தவரை நினைக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலும் இந்நிகழ்ச்சியை நினைவூட்டுகின்றது. எனவே அழகு ஏழைகளுக்கு வேண்டாத பொருள் அன்று. ஆனால் அந்த அழகுக்காக உழைப்பவர் யார், அவருக்கு உரியது கிடைக்கின்றதா என்று கேட்பது நம் கடமை.

நீர் பாய்ச்சுவோர்

1896-ஆம் ஆண்டில் உதகையில் முதல் மலர்க்காட்சி நடைபெற்றது. 2023-இல் அதன் 125-ஆவது காட்சி கொண்டாடப்பட்டது. சில நாள் நிகழும் இக்காட்சிக்குப் பின்னால் அரையாண்டு உழைப்பு மறைந்திருக்கின்றது. பிரேசிலில் பல்லாண்டு வாழக்கூடிய செஞ்சால்வியா, உறைபனியைத் தாங்கும் ஆற்றல் அற்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் அதனை ஆண்டுதோறும் விதையிலிருந்தே புதிதாக வளர்க்க வேண்டியுள்ளது. விதைத்துப் பூப்பதற்கு ஏறத்தாழ 3 முதல் 4 மாதம் ஆகும். ஆகவே, மே மாதத்துப் பூவுக்கு, கடுங்குளிர் அடிக்கும் காலத்திலேயே கூடாரங்களுக்குள் விதைக்கின்றனர். விதைமீது மண்ணை அழுந்த மூடினால் முளைக்காது. அதற்கு ஒளி வேண்டும். நீர் மிகுந்தால் நாற்று அழுகும். நீர் குறைந்தால் வாடும். நாற்று நான்கைந்து இலை விட்டபின் எடுத்து, இலைமக்கும் தொழுவுரமும் கலந்த மண்ணில் தொட்டிக்கு மாற்ற வேண்டும். நுனியைக் கிள்ளிவிட்டால்தான் பக்கக்கிளைகள் பெருகும். ஆயிரக்கணக்கான தொட்டிகளில் ஒவ்வொரு நாற்றின் நுனியையும் ஒரு மனிதக் கை கிள்ளியாக வேண்டும். இதற்கு இயந்திரம் கிடையாது.

திசம்பர், சனவரி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் பள்ளத்தாக்குகளில் உறைபனி படிகின்றது. புல்வெளி விடியலில் உப்பு தூவினாற்போல் வெளுத்துக் கிடக்கும். மென்மையான செடிகளைக் காக்கப் பூங்காத் தொழிலாளர்கள் மாலையில் கோத்தகிரி மிலார் எனப்படும் செடிகளை வெட்டி வந்து பாத்திகளின்மேல் போர்த்துகின்றனர். விடியலில் வெயில் சுடுவதற்கு முன் நீர் தெளித்துப் பனியைக் கரைக்கின்றனர். நாம் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் வேளையில் அவர்களுடைய விரல்கள் பனிநீரில் விறைக்கின்றன. இம்மாவட்டத்துப் பூங்காத் தொழிலாளர்களுள் பலர் தினக்கூலிகள். பணிநிரந்தரமும் ஊதிய உயர்வும் கேட்டு அவர்கள் அண்மை ஆண்டுகளில் போராடியும் இருக்கின்றனர். மலர்மாடத்தைப் படம் பிடித்துச் செல்லும் இலட்சக்கணக்கானோருள் எத்தனை பேர் இதனை அறிவர்?

2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கொரோனாப் பெருந்தொற்றினால் மலர்க்காட்சி நடைபெறவில்லை. அந்த மே மாதங்களில் பூங்காவின் வாயில்கள் அடைக்கப்பட்டிருந்தன. உள்ளே மலர்கள் பூத்திருந்தன. பார்ப்பவர் இல்லாதபோதும் களை எடுத்து நீர் ஊற்றியவர்கள் இருந்தனர். புகழுக்காகச் செய்யப்படும் பணி எது, பொறுப்புணர்வினால் செய்யப்படும் பணி எது என்று பிரித்தறிய அந்த இரண்டு ஆண்டுகளே போதுமானவை.

தகரத் தொட்டியில் ஒரு தோட்டம்

அரசுப் பூங்காவை விட்டுத் தேயிலைத் தோட்டங்களின் பக்கம் திரும்புவோம். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கையின்படி, தலைமுறை தலைமுறையாக இலங்கை மலைத்தோட்டங்களில் உழைத்த தமிழர் பல்லாயிரக்கணக்கில் தாயகம் திரும்பினர். அவர்களுக்கு வேலை அளிக்கும் நோக்குடன் 1968-இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களே பின்னர் டான்டீ நிறுவனமாக வளர்ந்தன. அத்தோட்டங்களின் லயன் வீடுகளுக்குச் செல்லும்போதெல்லாம் நாம் ஒன்றைக் காண்கின்றோம். வாசற்படியின் இருபுறமும் பழைய எண்ணெய்த் தகரங்களிலும் சாயவாளிகளிலும் செடிகள் நிற்கும். சிவப்புச் சால்வியாவும் செரேனியமும் அவற்றில் தவறாமல் இடம்பெறும்.

ஏன் தரையில் நடாமல் தகரத்தில் வளர்க்கின்றனர்? மண் அவர்களுடையதன்று. வீடும் அவர்களுடையதன்று. பணி ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டிய அச்சம் அவர்களை விட்டு நீங்குவதில்லை. தூக்கிச் செல்லக்கூடிய தோட்டமே அவர்களுக்கு வாய்த்த தோட்டம். நாள் முழுவதும் பிறருடைய செடியில் கொழுந்து கிள்ளிய பெண், மாலையில் வீடு திரும்பித் தன் செடிக்கு ஒரு குவளை நீர் ஊற்றுகின்றாள். அந்தக் குவளை நீரில் அவளுடைய தன்மானம் இருக்கின்றது. பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட மக்களிடம், வந்த இடத்திலே தோட்டம் அமையுங்கள் என்று இறைவாக்கினர் எரேமியா எழுதி அனுப்பிய செய்தி இங்கு நம் நினைவுக்கு வருகின்றது.

ஊதாச் சால்வியா வீடுகளில் பரவும் முறையும் சிந்திக்கத்தக்கது. அதற்கு விதை வாங்க வேண்டியதில்லை. பூத்து முடிந்தபின் செடியைத் தரைமட்டத்துக்கு வெட்டிவிட்டால் மீண்டும் துளிர்க்கும். வெட்டிய இளந்தண்டுகளில் கணுக்கள் உள்ள துண்டுகளை ஈரமண்ணில் நட்டால் சில வாரங்களில் வேர்விடும். பக்கத்து வீட்டுக்காரி கேட்க, இவள் ஒடித்துக் கொடுக்க, ஒரு செடி ஊர் முழுவதும் பரவுகின்றது. சாதியும் சமயமும் பாராமல் வேலிக்கு மேலாகக் கைமாறும் இக்கிளைகள், எந்தப் பதிவேட்டிலும் ஏறாத அன்புறவின் சாட்சிகள்.

விருந்தினரும் ஆக்கிரமிப்பாளரும்

கடல் கடந்து வந்த செடிகள் அனைத்தும் சால்வியாவைப் போல் அடக்கமாக வாழவில்லை. அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி இன்று காடுகளின் அடித்தளத்தையே மூடிவிட்டது. ஆங்கிலேயர் தம் நாட்டு நினைவுக்காகக் கொண்டுவந்த கோர்ஸ், ஸ்காட்ச் புரூம் என்னும் மஞ்சள்பூப் புதர்கள் உதகையைச் சுற்றியுள்ள புல்வெளிகளைக் கைப்பற்றின. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலர்ந்து மலையை நீலமாக்கும் குறிஞ்சியின் இடம் சுருங்கியது. அயல்நாட்டுக் களைத்தாவரங்களை அகற்றிக் காடுகளை மீட்பதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையையே வகுக்க வேண்டியதாயிற்று. சால்வியா வகைகளுள்ளும் ஒருவகைச் செந்நிறச் சால்வியா சில இடங்களில் வேலி தாண்டிச் சாலையோரங்களில் தானே முளைக்கின்றது. அதனை வீட்டில் வளர்ப்போர், விதை முற்றுவதற்கு முன் பூங்கதிர்களைக் கிள்ளிவிடுதல் நன்று.

பூங்காவின் செஞ்சால்வியாவோ விருந்தினர் முறையறிந்த மலர். தன் தாயகத்தில் ரீங்காரச் சிட்டுகளுக்குத் தேன் அளித்த அது, அப்பறவைகள் இல்லாத இம்மலையில் நம் தேன்சிட்டுகளுக்குத் தேன் அளிக்கின்றது. பூவிதழ் உதிர்ந்தபின்னும் அதன் சிவந்த புல்லிவட்டம் பல நாள் நின்று நிறம் காட்டுகின்றது. கவனிப்பு இருக்கும் வரை வாழ்கின்றது. கவனிப்பு நின்றால் மறைகின்றது. மண்ணின் செடிகளை நெருக்குவதில்லை.

வெளியிலிருந்து வந்த எதுவும் ஒரு மண்ணில் எவ்வாறு வாழ வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம். நம் திருச்சபையும் இம்மலைக்கு வெளியிலிருந்து வந்த செடியே. 1955-இல் மைசூர் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உதகை மறைமாவட்டம் உருவான காலந்தொட்டு, பண்பாட்டுமயமாதல் பற்றி நாம் நிறையப் பேசியுள்ளோம். பிறரை நெருக்கி இடம் பிடிக்கும் புதராக வளர்வதா, இம்மண்ணின் பறவைகளுக்குத் தேன் தரும் மலராக வாழ்வதா என்னும் கேள்வி நம்முன் எப்போதும் நிற்கின்றது. கல்வியிலும் மருத்துவத்திலும் ஏழையரின் உரிமைப் போராட்டத்திலும் நாம் தேனாக இருந்த இடங்களில் எல்லாம் மக்கள் நம்மைத் தம்மவராகவே ஏற்றுக்கொண்டனர்.

தோட்டக்காரர் என எண்ணப்பட்டவர்

தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்கு இறைவன் அளித்த முதற்பணி, தோட்டத்தைப் பண்படுத்துவதும் காப்பதும் ஆகும். யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில், உயிர்த்த ஆண்டவரைக் கண்ட மகதலா மரியா அவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணினார். சாவை வென்றவர் அரசரின் தோற்றத்திலோ படைத்தலைவரின் தோற்றத்திலோ அவருக்குத் தென்படவில்லை. விடியற்காலையில் தோட்டத்தில் நிற்கும் ஓர் எளிய உழைப்பாளியாகவே தென்பட்டார். நம் பூங்காக்களில் விடியற்காலைப் பனியில் நிற்போரின் முகத்தில் அவரைக் காண முயல்வோமாக.

மே மாதம் அன்னை மரியாவின் வணக்க மாதமாகவும் இருக்கின்றது. ஆலயப் பீடங்களை அலங்கரிக்க மலர்கள் வந்து குவியும் இம்மாதத்தில், பங்குதோறும் ஒருநாள், பூங்காக்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் உழைப்போரை அழைத்து, அவர்களுடைய கருவிகளை மந்திரித்து, அவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்பலி நிறைவேற்றலாம். அவர்களுடைய ஊதியத்திற்காகவும் குடியிருப்பு உரிமைக்காகவும் ஒலிக்கும் குரலோடு நம் பங்குப் பேரவைகளின் குரலும் சேரலாம். ஆலய வளாகத்தில் மலர்ப்பாத்தி அமைப்போர், அதன் ஓரத்தில் இம்மண்ணின் குறிஞ்சிக்கும் தும்பைக்கும் சிறிது இடம் விட்டுவைக்கலாம். நட்டவர் புகழ் பெற்றார். நீர் பாய்ச்சினவருக்கும் உரியது சேரட்டும். விளையச் செய்கின்றவர் அதனையே விரும்புகின்றார்.